லெட்ஜர் போர்டை ஆணியில் நிறுத்தலாமா? 12×16 டெக்குக்கு பர்மிட் வேண்டாம் என்கிறார் கான்ட்ராக்டர்

அரோரா_வாசு · மே 3, இரவு 9:40

வணக்கம். சிகாகோவுக்கு மேற்கே அரோராவில் இருக்கிறோம். 2001-ல் கட்டிய வீடு. சமையலறையிலிருந்து பின்பக்கம் ஒரு சறுக்குக் கதவு இருக்கிறது. திறந்தால் நான்கரை அடிப் பள்ளம். வீடு வாங்கிய நாளிலிருந்து குழந்தைகளுக்குப் பயந்து அந்தக் கதவுக்குக் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு வைத்திருக்கிறோம். ஆகஸ்டில் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அதற்குள் டெக் (கதவுக்கு வெளியே மரத்தால் ஒரு திறந்த தளம்) போட்டுவிட வேண்டும். வீட்டை ஒட்டி 16 அடி நீளம், வெளியே 12 அடி.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் பர்மிட், வரைபடம் எல்லாம் சேர்த்துச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் அவர்களைவிட 4,000 டாலர் குறைவு. "192 சதுர அடிதானே, 200-க்குள் இருந்தால் பர்மிட் வேண்டாம், நான்கு நாளில் முடித்துத் தருகிறேன்" என்றார். லெட்ஜர் போர்டை, அதாவது டெக்கை வீட்டுச் சுவரோடு இணைக்கும் பலகையை, எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். வினைல் சைடிங் (சுவரின் வெளிப்பக்கப் பிளாஸ்டிக் உறை) மேலேயே வைத்துப் பெரிய ஆணியாக அடித்துவிடுவோம், இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன் என்றார். ஆள் நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

தூண்_குமரன் · மே 3, இரவு 10:55

வாசு, நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். இந்த ஊரில் இருபது வருடமாக வீட்டு வேலைதான் பார்க்கிறேன். உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த 200 சதுர அடி. வீடுகளுக்கு அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்கள் பின்பற்றும் விதிநூல் ஐ.ஆர்.சி. அதில் இந்த விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அதோடு இன்னும் மூன்று நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டெக் எந்த இடத்திலும் தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, வீட்டோடு இணைந்திருக்கக் கூடாது, வீட்டின் கட்டாய வெளியேறும் வாசலுக்கு அது வழியாக இருக்கக் கூடாது. எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் விலக்கு. உங்களுடையது 54 அங்குல உயரம், வீட்டோடு ஒட்டியது. அங்கேயே முடிந்துபோயிற்று. இந்த விலக்கையே எடுத்துவிட்டு எல்லா டெக்குக்கும் பர்மிட் கேட்கும் ஊர்களும் நிறைய உண்டு. எதற்கும் நாளைக்கு ஊர்க் கட்டடத் துறைக்கு ஒரு போன் போடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இப்போது ஆணிக்கு வருகிறேன். டெக்கின் ஒவ்வொரு சதுர அடியும் 40 பவுண்டு ஆள் பாரத்தையும், மரத்தின் சொந்த எடைக்காக 10 பவுண்டையும் தாங்க வேண்டும் என்பது கணக்கு. 192 சதுர அடிக்கு மொத்தம் 9,600 பவுண்டு. இதில் பாதி வெளியே இருக்கும் பீம் வழியாகத் தூணில் இறங்கும். மீதிப் பாதியான 4,800 பவுண்டும் வீட்டுச் சுவரில் பதித்த அந்த ஒற்றைப் பலகையில்தான் நிற்கும். ஒரு ஹோண்டா ஒடிசி வண்டியைத் தூக்கிச் சுவரில் மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆணியிலா மாட்டுவீர்கள்?

ஆணி கீழ்நோக்கிய பாரத்தை ஓரளவு தாங்கும். வெளிப்பக்கம் இழுத்தால்தான் கைவிட்டுவிடும். மரம் மழையில் நனைந்து உப்பும், வெயிலில் காய்ந்து சுருங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆணியின் பிடி கொஞ்சம் தளரும். மேலே பிள்ளைகள் குதிக்கிறார்கள், பாட்டு போட்டு ஆடுகிறார்கள் என்றால் இழுப்பு பக்கவாட்டில் வரும். டெக் விழுந்த இடங்களில் போய்ப் பார்த்தால் பலகை உடைந்திருக்காது. வீட்டிலிருந்து அப்படியே கழன்று வந்திருக்கும், ஆணிகள் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.

விதிநூல் கேட்பது அரை அங்குல லேக் ஸ்க்ரூ (மரத்தில் திருகி இறக்கும் தடித்த திருகு) அல்லது போல்ட். ஜாய்ஸ்ட் (தளப் பலகைகளைக் கீழிருந்து தாங்கும் மரச்சட்டம்) நீளம் 10-லிருந்து 12 அடி வரை என்றால் லேக் ஸ்க்ரூ 15 அங்குலத்துக்கு ஒன்று. உங்கள் 16 அடிக்கு ஏறத்தாழ 14 வரும். போல்ட் என்றால் 29 அங்குலத்துக்கு ஒன்று போதும். ஒரே கோட்டில் அடித்தால் பலகை பிளக்கும், அதனால் மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்புறம், சைடிங்கை வெட்டி எடுத்துவிட்டுத்தான் லெட்ஜர். வினைலுக்கு மேல் வைத்தால் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் வெற்றிடம்தான் இருக்கும்.

ஜாய்ஸ்டுக்கு 2×8 அங்குல மரம் போடுகிறேன் என்பார்கள். இரண்டாம் தர சதர்ன் பைன் 2×8, 16 அங்குல இடைவெளியில் 11 அடி 10 அங்குலம் வரைக்கும்தான். 2×10 கேளுங்கள். லெட்ஜரும் அதே அளவில் இருக்கட்டும்.

பழனி_நேப்பர்வில் · மே 4, காலை 7:15

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், குமரன் சார் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் டெக் 2009-ல் பர்மிட் இல்லாமல் போட்டது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜூலை 4 அன்று வருடாவருடம் நாற்பது பேர் அதன் மேல் நின்று சாப்பிடுகிறோம், அசையவில்லை. பர்மிட் எடுத்தால் கட்டணம், இன்ஸ்பெக்டர் வரும்வரை வேலை நிற்கும், அதற்கப்புறம் சொத்து வரி மதிப்பீட்டில் வேறு ஏறும். விதி விதி என்று நடுத்தரக் குடும்பத்தின் தலையில்தான் எல்லாம் விடிகிறது. வாசு, நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். பேப்பர் டெக்கைத் தாங்கப் போவதில்லை.

மீனா_ஷாம்பர்க் · மே 4, காலை 11:30

பழனி சார், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

முந்தைய உரிமையாளர் போட்ட டெக் அது. எட்டு வருடம் நாங்களும் அதில்தான் காபி குடித்தோம், வடாம் காயவைத்தோம். ஒரு நாள் காலை கதவைத் திறந்தபோது வாசற்படிக்கும் முதல் பலகைக்கும் நடுவில் என் விரல் நுழைகிற அளவு இடைவெளி. போன வாரம்வரை அது இல்லை. என் மாமியார் அந்தப் பக்கம் கால் வைக்கப் போனவர், கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

வந்து பார்த்த தச்சர் லெட்ஜருக்கு மேலே இருந்த சைடிங் ஒரு வரிசையைக் கழற்றினார். உள்ளே கறுத்துப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. சுவர்ப் பலகை நனைந்த புட்டு மாதிரி கையோடு உதிர்ந்தது. இத்தனைக்கும் அதில் லேக் ஸ்க்ரூ இருந்தது, ஒழுங்கான இடைவெளியில்! ஸ்க்ரூ பிடித்துக்கொள்ள அங்கே மரம்தான் இல்லை. லெட்ஜருக்கு மேலே ஃபிளாஷிங் தகடு (தண்ணீரைச் சுவருக்குள் விடாமல் வெளியே தள்ளும் தகடு) போடாமல் விட்டிருக்கிறார்கள். எத்தனையோ வருட மழையும் பனியுருகிய தண்ணீரும் நேராகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. டெக்கை இடித்து, சுவரை வெட்டி, ரிம் ஜாய்ஸ்டை (லெட்ஜர் பிடித்து நிற்கும், வீட்டுத் தளத்தின் ஓரச் சட்டத்தை) மாற்றி, ஆறு வாரம் சமையலறையில் பிளாஸ்டிக் திரை கட்டிக்கொண்டு இருந்தோம்.

வெளியிலிருந்து பார்த்தால் டெக் புதுசு மாதிரிதான் இருந்தது. அதை மட்டும் மறக்காதீர்கள்.

தூண்_குமரன் · மே 4, மதியம் 1:05

மீனா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். ஃபிளாஷிங் தகட்டில் அலுமினியம் கூடாது. 2003 முடியும்வரை வீட்டு மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்துதான் ஏற்றினார்கள். அதை வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கிய பிறகு வந்த மருந்துகளில் செம்பு அதிகம். ஈர மரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துச் சல்லடையாகிவிடும். பூசாத இரும்பு ஆணிக்கும் அதே கதிதான். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஸ்க்ரூ, ஹேங்கர் (ஜாய்ஸ்டின் முனையைத் தாங்கிப் பிடிக்கும் உலோகத் தாங்கி) அல்லது துருப்பிடிக்காத எஃகு. கடையில் பளபளவென்று மெல்லிய பூச்சோடு மலிவாகக் கிடைக்கிறதே, அது வீட்டுக்கு உள்ளே மாட்டுவதற்கு.

பழனி சார், பேப்பர் டெக்கைத் தாங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரிலேயே நடந்தது ஒன்று. 2003 ஜூன் 29, சிகாகோ லிங்கன் பார்க்கில் ஒரு மூன்று மாடி மரத் தாழ்வாரம் விருந்தின் நடுவில் இடிந்து விழுந்தது. 13 பேர் போனார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். எல்லாம் இளவயசுப் பிள்ளைகள். அது பர்மிட் இல்லாமல், அளவுக்கு மீறிப் பெரிதாகக் கட்டப்பட்டது என்று நகர நிர்வாகம் பின்னால் சொன்னது. 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பால்கனி முறிந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். அங்கே மீனா வீட்டுக் கதைதான்: தண்ணீர் இறங்கி உள்ளே மரம் மக்கியிருந்தது. இரண்டுமே விழுந்த நிமிஷம்வரை நின்றவைதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, டெக் இருக்கும் பக்கத்தில் கூரையோரமாக ரிம் ஜாய்ஸ்டைப் பாருங்கள். பஞ்சு அடைத்திருந்தால் விலக்கிக்கொள்ளுங்கள். லேக் ஸ்க்ரூவின் முனை உள்பக்கம் முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும் என்பது விதி. அப்படி எத்தனை முனை தெரிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

மினசோட்டா_மணி · மே 4, இரவு 8:20

எல்லாரும் லெட்ஜரையே பேசுகிறீர்கள், நான் குழிக்குள் இறங்குகிறேன். என் டெக்கை நானே போட்டேன், இரண்டு தடவை. முதல் தடவை 24 அங்குலம் தோண்டினேன், களிமண்ணும் கல்லுமாக வந்தது, போதும் என்று கான்கிரீட் ஊற்றிவிட்டேன். இரண்டாவது குளிர்காலம் முடியும்போது ஒரு மூலை ஒன்றரை அங்குலம் மேலே எழும்பியிருந்தது. கதவு திறக்கவில்லை. மண்ணில் இருக்கும் தண்ணீர் உறைந்து உப்பும்போது கான்கிரீட்டைப் பல்லைப் பிடுங்குவதுபோல மேலே தள்ளும். வசந்தத்தில் இறங்கும், ஆனால் பழைய இடத்துக்கு வராது.

மண் உறையும் ஆழம் என்று எங்கள் மாநிலத்தில் எடுத்துக்கொள்வது தெற்கே 42 அங்குலம், வடக்கே 60. சிகாகோ பக்கம் 42. அதற்குக் கீழே தொடாத மண்ணில் ஃபூட்டிங் (தூணின் கான்கிரீட் பாதம்) உட்கார வேண்டும். தோண்டுவதற்கு முன் 811-க்குக் கூப்பிடுங்கள், இல்லினாயில் ஜூலி என்பார்கள், இலவசமாக வந்து கேஸ், மின்சாரக் கோடுகளைக் குறித்துவிட்டுப் போவார்கள். குழியை இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகுதான் கான்கிரீட். ஊற்றிவிட்டால் ஆழத்தை யாரும் அளக்க முடியாது.

குழியின் அகலமும் முக்கியம், எல்லாரும் கான்கிரீட் ஊற்றும் 10 அங்குலக் குழாயை வாங்கி இறக்கிவிடுகிறார்கள். குமரன் அண்ணா, அந்தக் கணக்கை நீங்களே சொல்லுங்கள்.

தூண்_குமரன் · மே 4, இரவு 9:10

வாசுவின் டெக்குக்கு பீமின் கீழே மூன்று தூண் வைக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தூணுக்கு எட்டடிக்கு ஆறடி, 48 சதுர அடி சேரும். சதுர அடிக்கு 50 பவுண்டு போட்டால் 2,400. மண் பரிசோதனை இல்லாத இடத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் தாங்குதிறன் சதுர அடிக்கு 1,500 பவுண்டு. ஆக 1.6 சதுர அடி வேண்டும், அதாவது 17 அங்குல விட்டம். 18 போடுங்கள். 10 அங்குலக் குழாயின் அடிப்பரப்பு அரை சதுர அடி சொச்சம், 800 பவுண்டுக்கே திணறும். குழாய் சின்னதாக இருக்கலாம், அடியில் பாதம் விரிந்திருக்க வேண்டும்.

தூண் 6×6. பீம் தூணின் தலையில் உட்கார வேண்டும். தூணின் பக்கத்தில் வைத்து போல்ட் போட்டு நிறுத்தினால் மொத்தப் பாரமும் போல்டுக்குத்தான். அதைப் பார்த்தால் அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ_சிவா · மே 5, காலை 6:50

தம்பி வாசு, நான் ரொறொன்ரோவில் தச்சு வேலை செய்யிறனான். எங்கட பக்கம் விதி வேறை, ஆனால் மரமும் பனியும் ஒன்றுதான். கீழே சொல்வது ஒன்ராறியோக் கணக்கு, உங்களுக்கு அப்படியே பொருந்தாது. டெக் நிலத்திலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேலென்றால் தடுப்பு வேணும். 1.8 மீட்டர் உயரம்வரை தடுப்பு 90 சென்டிமீட்டர், அதுக்கு மேலே 107. நான் ஒரு விசயம் மட்டும் சொல்லுவன்: ஜாய்ஸ்ட் ஹேங்கரில் எத்தனை துளை இருக்கோ அத்தனைக்கும் ஹேங்கர் ஆணி போகோணும். டெக் ஸ்க்ரூ போட்டு முடுக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். அந்த ஸ்க்ரூ குறுக்கு விசைக்கு பட்டென்று முறியும். பார்க்க வடிவாத்தான் இருக்கும்.

ராஜி_ஆஸ்டின் · மே 5, காலை 10:40

இங்கே டெக்சஸில் பனி பிரச்சினை இல்லை, களிமண் உப்பிச் சுருங்குவதுதான் தலைவலி, அது வேறு கதை. நான் எழுத வந்தது ரெயிலிங் பற்றி, ஏனென்றால் வாசுவுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஐ.ஆர்.சி.-யில் 30 அங்குலத்துக்கு மேல் உயரம் என்றால் ரெயிலிங் கட்டாயம், குறைந்தது 36 அங்குலம். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. தவழும் குழந்தையின் உடம்பும் தலையும் நுழையாதபடி வைத்த அளவு அது. ரெயிலிங்கின் மேல்கட்டை 200 பவுண்டுத் தள்ளலைத் தாங்க வேண்டும். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். 4×4 கம்பத்தின் அடியை அழகுக்காகப் பாதி வெட்டி ஓரப் பலகையில் ஒட்டவைப்பார்கள். சாய்கிற ஆளின் எடை 36 அங்குல நெம்புகோலில் வந்து அந்த வெட்டின்மேல்தான் விழும், அங்கேயே பிளக்கும். 2021 பதிப்பிலிருந்து அப்படி வெட்டக் கூடாது என்றே விதிநூலில் எழுதிவிட்டார்கள். கம்பத்தை முழுசாக வைத்து, உள்பக்க ஜாய்ஸ்டோடு பிடிக்கும் டென்ஷன் கனெக்டர் போட்டால் அசையாது.

கிடைமட்டக் கம்பி ரெயிலிங்குக்கு ஐ.ஆர்.சி.-யில் தடை கிடையாது. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் போடமாட்டேன். என் மகன் ஒன்றரை வயதில் ஏணியாக்கி ஏறிவிட்டான்.

பழனி_நேப்பர்வில் · மே 5, இரவு 9:25

குமரன் சார், பேஸ்மென்ட்டில் பார்த்தேன். மகனும் நானும் டார்ச் வைத்துக்கொண்டு பஞ்சை முழு நீளத்துக்கும் விலக்கிப் பார்த்தோம். ஒரு முனைகூட இல்லை. வெளியே போய் டெக்குக்கு அடியில் படுத்துப் பார்த்தால் லெட்ஜர் முழுக்க ஆணித் தலைகள்தான், சிலது கால் அங்குலம் வெளியே வந்திருக்கிறது. பதினைந்து வருடம் இதன் மேல்தான் நாற்பது பேரை நிறுத்தியிருக்கிறேன். அடுத்த வாரம் அண்ணன் பேத்தியின் பிறந்தநாளை அங்கேதான் வைத்திருந்தோம். என்ன செய்யட்டும்?

தூண்_குமரன் · மே 5, இரவு 9:50

பார்த்துச் சொன்னதற்கு நன்றி, சார். பிறந்தநாளைப் புல்தரையில் வையுங்கள். இன்றிலிருந்து டெக்கில் யாரும் ஏற வேண்டாம், கதவைப் பூட்டுங்கள்.

முதலில் ரிம் ஜாய்ஸ்ட் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேஸ்மென்ட் பக்கமிருந்து ஸ்க்ரூடிரைவர் முனையால் அடிக்கு ஒரு இடம் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் ஃபிளாஷிங்கைச் சரிசெய்து, போல்ட்டோ லெட்ஜருக்கென்றே வரும் ஸ்ட்ரக்சுரல் ஸ்க்ரூவோ அதன் அட்டவணைப்படி போடலாம். மெத்தென்று இருந்தால், அல்லது சுவர் செங்கல் முகப்பாக இருந்தால், லெட்ஜரை நம்பவே கூடாது. செங்கல் முகப்பு வீட்டின் பாரத்தையே தாங்குவதில்லை, டெக்கை எங்கே தாங்கும்? அப்போது வீட்டை ஒட்டி இன்னொரு பீமும் தூண்களும் கொடுத்து டெக்கைத் தன் காலில் நிற்க வைக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் பர்மிட்டோடு செய்யுங்கள். சனிக்கிழமை காலை நானே வந்து பார்க்கிறேன். காசு வேண்டாம்.

அரோரா_வாசு · ஜூன் 21, இரவு 10:15

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லவேண்டும் என்று வந்தேன்.

ஊர்க் கட்டடத் துறையில் கேட்டேன், பர்மிட் கட்டாயம் என்றார்கள். அந்த மூன்றாவது ஆளிடம் சொன்னபோது அவர் வேலையை எடுக்கவில்லை. பர்மிட்டோடு விலை சொன்ன இரண்டு பேரில் ஒருவருக்குக் கொடுத்தேன். அமெரிக்க மர கவுன்சில் இலவசமாகப் போட்டிருக்கும் டி.சி.ஏ. 6 என்ற டெக் வழிகாட்டியைக் குமரன் அண்ணா தனியாக அனுப்பியிருந்தார். வரைபடத்தை அதோடு வைத்து வரிவரியாகப் பார்த்தேன். படம் படமாக இருப்பதால் என் மாதிரி ஆளுக்கும் புரிந்தது.

குழி பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் டேப்பை மூன்றிலும் விட்டு அளந்தார். மூன்றாவதில் 40 அங்குலம். அடியில் ஒரு பெரிய கல் இருந்ததால் விட்டிருக்கிறார்கள். இரண்டு அங்குலம்தானே என்று வேலையாள் சொன்னார், மணி சொன்ன ஒன்றரை அங்குலம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கல்லை எடுத்து 44-க்குப் போனபிறகு கையெழுத்து போட்டார்.

டெக்கின் மரச்சட்ட வேலை முடிந்ததும் நேற்று இரண்டாவது சோதனை. நான் முதலில் பேஸ்மென்ட்டுக்குத்தான் ஓடினேன். 14 முனைகள், மேலும் கீழுமாக. பக்கவாட்டு இழுப்புக்கு 750 பவுண்டு தாங்கும் கனெக்டர் நான்கு போட்டிருக்கிறார்கள். 1,500 பவுண்டில் இரண்டு என்றால் உள்கூரையைத் திறந்து ஜாய்ஸ்டோடு பிடிக்க வேண்டியிருக்குமாம். இரண்டு ஹேங்கரில் மட்டும் மூலைத் துளைகளில் ஆணி விட்டுப்போயிருந்தது. சிவா அண்ணா சொன்னதை நினைத்து இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆணி அடித்ததும் பாஸ்.

பழனி சார் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தார், புல்தரையில்தான் நடந்தது. அவர் வீட்டிலும் சைடிங்கைக் கழற்றியிருக்கிறார்கள். ரிம் ஜாய்ஸ்டில் ஒரு நான்கடி மட்டும் கெட்டிருந்ததாம், மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி படிக்கட்டு. ஏழு படி வருகிறது, ஒவ்வொன்றும் ஏழே முக்கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், படிக்குப் படி வித்தியாசம் எட்டில் மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றார் இன்ஸ்பெக்டர். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆறே முக்காலாகக் குறைத்து ஒரு படி கூட்டலாமா என்று யோசிக்கிறேன். கைப்பிடி இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஸ்ட்ரிங்கர் (படிகளைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) வெட்டுகிறார்கள், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

தூண்_குமரன் · ஜூன் 21, இரவு 10:40

தாராளமாகக் குறையுங்கள். படி அகலம் 10 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் சரி, 11 வைத்தால் அப்பாவுக்கு இன்னும் சௌகரியம். கடைசிப் படி இறங்கும் இடத்தில் தரை மட்டத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். பின்னால் கல் பாவினால் அந்த ஒரு படி மட்டும் குட்டையாகிவிடும், இருட்டில் அங்கேதான் தடுக்கும்.